பத்துப் புள்ளிக்கு விழுந்த அடி

என் மகனுக்கு விழுந்த முதல் அடி பெரிதாகச் சத்தம் போடவில்லை. இரண்டாவது அடியில்தான் பல் உடைந்தது கேட்டது. பாட்டனி டவுன்ஸில் என் மகளின் வீட்டுக் கராஜுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது. அடித்தவன் வேறு யாருமில்லை, என் மகனின் மச்சான். எங்கள் மருமகளாக வரவேண்டிய பெண்ணின் கூடப்பிறந்த தமையன். மனுகாவில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கழுத்தும் தலையும் ஒரே அகலம்.

மகன் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயிற்றில் குத்து விழுந்தபோது குனிந்தான், அப்போதும் கையை விடவில்லை. உதடு கிழிந்து இரத்தம் நாடியால் வழிந்து வேலைச் சட்டையில் சொட்டியது. துடைக்கவும் இல்லை.

அவன் பயந்த பிள்ளை அல்ல. பதினாறு வயதில் தன்னைவிடப் பெரிய இருவரைப் பஸ் நிலையத்தில் புரட்டி எடுத்துவிட்டு வந்தவன். அன்று அவன் கையைக் கட்டிப்போட்டது ஒரு விசா விண்ணப்பம். பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அரசு, பெரிய நகரத்துக்கு வெளியே வந்து வாழ்ந்து தன் தொழிலைச் செய்வதானால் இவனுக்கு விசா கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அங்கே சில வருடம் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தர வதிவிடம். அந்த விண்ணப்பம் இன்னும் ஓர் அதிகாரியின் கையில் இருந்தது. அதற்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். மகன் ஓர் அடி அடித்து, அது வழக்காகி, வழக்கு அவன் பெயரில் பதிவானால் எல்லாம் போய்விடும். மச்சான் இங்கே பிரஜை. அவனுக்கு அந்தக் கவலை இல்லை.

"எழுதுவியோ? எழுதுவியோடா?" ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி. "என்ர தங்கச்சி உன்ர பெண்சாதி இல்லையெண்டு எழுதுவியோ?"

நான் எண்ணினேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எண்ணாமல் எதையும் பார்க்க எனக்குத் தெரியாது. ஏழாவது அடிவரை எண்ணினேன்.

இவ்வளவுக்கும் காரணம் பத்துப் புள்ளி. அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

என் மகள் இங்கே வந்து வேரூன்றியவள். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். மகன் பின்னால் மாணவனாக வந்தான். மனுகாவில் குளிரூட்டி திருத்தும் தொழிலைப் படித்தான். ஆல்பனியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சுப்பர் மார்க்கெட்டுகளின் பெரிய குளிர் அறைகளைத் திருத்துகிறான். தினமும் பாலம் தாண்டிப் போய் பாலம் தாண்டி வருவான், கைவிரல்கள் எப்போதும் எங்காவது வெட்டுப்பட்டிருக்கும். நல்ல தொழிலாளி. ஆனால் இங்கே வதிவிடத்துக்குக் கேட்கிற புள்ளி, அவன் படிப்புக்கும் சம்பளத்துக்கும் வரவில்லை. இரண்டு தடவை விதி மாறியது. இரண்டு தடவையும் அவன் கோட்டுக்கு வெளியே நின்றான். வேலை விசா முடிகிற திகதி மட்டும் மாறாமல் நெருங்கி வந்தது.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவின் பிராந்தியத் திட்டம் பற்றி அவனுக்குத் தெரியவந்தது. அங்கே உள்நாட்டு ஊர்களில் குளிரூட்டி திருத்த ஆளில்லையாம். வயதுக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை, மாநிலம் பரிந்துரைத்தால் இத்தனை என்று புள்ளி கூட்டவேண்டும். நான் குசினி மேசையில் அவனுடன் இருந்து கூட்டினேன். கூட்டிக் கூட்டிப் பார்த்தாலும் அந்த மாநிலம் அழைக்கிற அளவுக்குப் பத்துக் குறைந்தது. அந்தப் பத்து, தனி ஆள் என்ற பெட்டியில் கிடந்தது. கலியாணமாகாதவருக்குப் பத்துப் புள்ளி.

மகனுக்கு அதற்கு ஐந்து மாதம் முன்னர்தான் எழுத்து நடந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் எழுத்து என்பது தெரிந்ததுதான். பதிவாளர் பெண் வீட்டுக்கு வருவார், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள், மோதிரம் மாற்றுவார்கள், கேக் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள். பிறகு பெண் தாயின் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளை தன் வழியில் விமானம் ஏறுவான். தாலி கட்டுவது விசா வந்த பிறகு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, நல்ல நாளில், ஊரைக் கூட்டி. அதுவரை ஒருவரும் கலியாணம் முடிந்தது என்று சொல்லமாட்டார்கள். பெண் சேர்ந்து வாழப் போகமாட்டாள். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கச்சேரியில் இருந்த எனக்கே தெரியும், ஆனாலும் வாய் அப்படிச் சொல்லாது.

மகனின் கையும் அப்படித்தான் எழுதியது. கலியாணம் இன்னும் ஆகவில்லை என்ற பெட்டியில் அடையாளம் போட்டான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. பத்துப் புள்ளி விழுந்தது. மாநிலம் பரிந்துரைத்தது. விண்ணப்பிக்க அழைப்பு வந்தது. மகன் கத்திய கத்தலில் மகள் அடுப்பிலிருந்த பாலைப் பொங்கவிட்டாள். யாழ்ப்பாணத்தில் அந்தப் பெண், அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி, வார்டில் நின்றபடியே தொலைபேசியில் அழுதாளாம்.

பிறகு முழு விண்ணப்பம் போடும்போது மனைவியையும் சேர்க்கவேண்டும் அல்லவா? சேர்த்தான். எழுத்துப் பத்திரத்தை அழகாக ஸ்கான் பண்ணி, மொழிபெயர்த்து, சந்தோசமாகத் தானே ஏற்றினான். அந்தப் பத்திரத்தில் திகதி இருந்தது. அதிகாரிக்குத் திகதி வாசிக்கத் தெரிந்திருந்தது.

தனி ஆள் என்று புள்ளி எடுத்தவருக்கு அதற்கு முன்னரே கலியாணப் பதிவு எப்படி என்று கேட்டுக் கடிதம் வந்த அன்று நாங்கள் இருவரும் விசா ஆலோசகரிடம் போனோம். பாட்டனி கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் அவருக்கு அலுவலகம். மதுரைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? ரெஜிஸ்டர் பண்ணிட்டாலே கல்யாணம்தான் சார்."

"அது எழுத்து," என்றான் மகன். "தாலி கட்டேல்லை. ஒரு நாள் சேர்ந்து இருக்கேல்லை. என்னெண்டு கலியாணம் எண்டுறியள்?"

"எங்க ஊர்ல ரெஜிஸ்டர் கல்யாணம்னா ஓடிப்போய்ப் பண்ணிக்கிறது. நீங்க என்னடான்னா கேக் வெட்டிப் பண்ணிட்டு, பண்ணலன்னு சொல்றீங்க. நான் போட்டிருந்தா முதல்லயே கேட்டிருப்பேன். நீங்களே போட்டுட்டு இப்ப வர்றீங்க."

மகன் மேசையைக் குத்தினான். மேசையில் விரித்திருந்த கண்ணாடித் தகடு மூலைக்கு மூலை பிளந்தது. ஆலோசகர் கதிரையோடு பின்னால் போனார். கீழே பல் வைத்தியரின் இயந்திரம் ஒருகணம் நின்று மறுபடி ஓடியது.

"சார், கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க. விசாவுக்குக் கேரக்டர்னு ஒரு சோதனை இருக்கு. இங்கயே போலீஸைக் கூப்பிட வச்சிடாதீங்க."

அவர் சொன்னது இதுதான். பதில் சொல்ல இருபத்தெட்டு நாள். அப்படியே விட்டால் நிராகரிப்பு வரும், பிழையான தகவல் என்ற பெயரும் சேர்ந்து வரும், அது வந்தால் சில வருடத்துக்கு எந்தக் கதவும் திறக்காது. முடிவு வருமுன் தானாகவே விண்ணப்பத்தை மீளப் பெறலாம், பரிந்துரையும் போகும், ஆனால் கறை இராது. மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்று மகன்தான் கேட்டான்.

"எங்கட ஆக்களின்ர வழக்கத்தில இது கலியாணமே இல்லை, நான் அவளை மனுசியா நினைக்கேல்லை, அவளும் என்னை நினைக்கேல்லை எண்டு எழுதினா?"

"எழுதலாம். ஏத்துப்பாங்களான்னு தெரியாது. ஏத்துக்கிட்டாலும் அப்புறம் அவங்கள மனைவின்னு கூட்டிட்டு வர்றப்போ அதே கடுதாசிய எடுத்து மூஞ்சில அடிப்பாங்க."

"பேந்து பார்ப்பம். முதல்ல நான் உள்ள போகோணும்."

அன்றிரவுச் சாப்பாட்டில் மகள் இதைக் கேட்டாள். கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் எறிந்தாள். அது தெறித்து என் காலடிக்கு வந்தது.

"பேய்ப் பிள்ளை! அந்தப் பிள்ளை அங்க உன்ர பேரைச் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். நீ அவளை ஆரோ எண்டு கவண்மென்டுக்கு எழுதப்போறாய்."

"பத்துப் புள்ளி அக்கா! உனக்கு என்ன தெரியும்? உன்னட்டை பாஸ்போர்ட் இருக்கு. எனக்கு விசா முடியுது!"

"முடிஞ்சா ஊருக்குப் போ. ஊரில என்ன, மனிசர் இல்லையோ?"

"போய்? மாமன் வீட்டில குந்தியிருந்து தின்னவோ?"

மகள் இரண்டாவது தட்டைத் தூக்கினாள். நான் குறுக்கே போனேன். உடைந்த துண்டு குதிக்காலில் ஏறியது. இரத்தம் வந்த பிறகுதான் இருவரும் வாயை மூடினார்கள். அவன் எனக்குக் கட்டுப் போட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைக்கவேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை.

அவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு, அதுவே கெட்ட குணமும். மனதில் வந்ததை அந்தப் பெண்ணிடம் மறைக்கமாட்டான். சனிக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான், இப்படி எழுத யோசிக்கிறேன் என்பதையும் சொன்னான். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாளாம். அவள் தாயிடம் சொல்ல, தாய் மனுகாவிலுள்ள தன் மகனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல, சொல்லச் சொல்ல அது வளர்ந்திருக்கிறது. மச்சானின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதை இதுதான்: மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவுக்குத் தனி ஆள் என்று சொல்லிப் போகிறான், எங்கள் பெண்ணை எழுத்தோடு கைகழுவிவிடப் போகிறான். எழுத்து முடிந்து கைவிடப்பட்ட பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் என்று நான் எழுதத் தேவையில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மச்சான் காரை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினான். நான் கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்தேன். மகன் தன் வேலை வானின் பக்கக் கதவைத் திறந்துவிட்டு திருத்துகிற கருவிகள் வைத்த ஆயுதப் பையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"வாரும் தம்பி," என்றேன். வழமையாகச் சொல்வதைச் சொன்னேன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ மாமா. உங்களோட எனக்கு ஒரு கதையும் இல்லை."

பிறகு அடி. முதல் அடி, இரண்டாவது, பல். நான் எழும்பிக் குறுக்கே போனேன். என்னை ஒரு கையால் ஒதுக்கினான், நான் வானில் சாய்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் இயந்திரம் நின்றது. மகள் வாசலுக்கு ஓடிவந்து, "விடு! விடு அவனை!" என்று குழறினாள். உள்ளே ஓடினாள். பொலிசுக்கு எடுக்கத்தான் ஓடுகிறாள் என்று எனக்கு விளங்கியது.

"கையை ஏன்டா பின்னால வச்சிருக்கிறாய்? ஆம்பிளை எண்டா அடி!" என்றான் அவன். மகன் கீழே விழுந்தபோதும் அப்படியே கவிழ்ந்தான், கையூன்றவில்லை, முகம் கொங்கிறீற்றுத் தரையில் மோதியது. மச்சான் குனிந்து சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "அடியன்டா! உன்ர கொப்பர் பார்த்துக்கொண்டு நிக்கிறார், அடியன்!"

அதோடு முகத்தில் குத்தினான். அதுதான் ஏழாவது அடி. அதற்குப் பிறகு எனக்கு எண்ணிக்கை போய்விட்டது.

ஆயுதப் பையில் மேலே கிடந்தது குழாய் திருகுகிற பெரிய ரென்ச். எடுத்தேன். நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி, மச்சான் என் மகனின் கழுத்தைப் பிடித்திருந்த கையின் மேல் போட்டேன். அந்தச் சத்தம் பல் உடைந்த சத்தத்தைவிடப் பெரிது. அவன் கை பாதியில் மடிந்து தொங்கியது. அவன் கத்தவில்லை, மாட்டின் மூச்சுப்போல ஒன்று விட்டான். நான் திரும்பவும் ஓங்கினேன். இம்முறை தலையைப் பார்த்துத்தான் ஓங்கினேன். அதை நான் மறைக்கப்போவதில்லை. என் மகனை அடித்தவன் அவன்.

"அப்பா, வேண்டாம்!" மகன் கீழே கிடந்தபடி என் காலைக் கட்டிப்பிடித்தான். கட்டுப்போட்ட அதே காலை. நான் சரிந்து மச்சானின் மேல் விழுந்தேன், ரென்ச் வானின் கதவில் பட்டுக் கண்ணாடி கொட்டியது. மூன்று பேரும் தரையில் கிடந்தோம். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே மச்சான் ஒற்றைக் கையால் என் சட்டைக் கழுத்தைப் பிடித்து, "கிழட்டு நாயே, கிழட்டு நாயே," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எச்சில் என் முகத்தில் பட்டது. நான் அவன் புறங்கையைக் கடித்தேன்.

பொலிசுக்காரர் இருவர் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பிறகு அம்புலன்ஸ்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பகுதியில் எங்களை ஒரே வரிசையில் விட்டார்கள். இடையில் மூன்று வெற்றுக் கதிரை. மச்சானின் கை பலகை வைத்துக் கட்டியிருந்தது. மகனின் கண் ஒன்று மூடிவிட்டது, பல் ஒன்று இல்லை, இன்னொன்று ஆடியது. பொலிசுப் பெண் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள். யார் முதலில் அடித்தது?

மகன் சொன்னான், வானிலிருந்து சறுக்கி விழுந்தேன். முறைப்பாடு ஒன்றும் இல்லை. அவன் எந்தப் பதிவிலும் தன் பெயர் வருவதை விரும்பவில்லை, அடிபட்டவன் என்ற பெயரில்கூட.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். என்னை மாட்டிவிட அவனுக்கு ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லோடு அவனும் மாட்டுவான். "வான் கதவு," என்றான். "கை அகப்பட்டுப்போச்சு."

"புறங்கையில் பல் அடையாளம் இருக்கிறதே?"

"அதுவும் வான் கதவுதான்," என்றான்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா தெரியவில்லை. மூவருக்கும் எச்சரிக்கை சொன்னாள். குடும்பச் சண்டை என்றாள், மறுபடி அந்த வீட்டுக்கு வரவைத்தால் மூவரையும் ஏற்றிக்கொண்டு போவேன் என்றாள். அவள் போன பிறகு மச்சான் சொன்னான்:

"மாமா, எனக்கு என்ர ஐயாவும் ஒரு நாளும் இப்பிடி அடிச்சதில்லை."

"அவர் அடிச்சிருந்தா நான் அடிக்கத் தேவை வந்திராது," என்றேன்.

அந்த நேரம் அவனுடைய தொலைபேசி அடித்தது. அவன் ஒற்றைக் கையால் எடுக்கத் தடுமாறினான். திரையில் அந்தப் பெண். யாழ்ப்பாணத்தில் மத்தியானம் திரும்பியிருக்கவேண்டும், வேலை உடுப்போடு நின்றாள். தாய் சொல்லித் தெரிந்திருக்கிறது.

"அண்ணை, அவர் எங்க?"

"இங்கதான் இருக்கிறான் உன்ர மாப்பிளை. பார்." மச்சான் தொலைபேசியை நீட்டினான். வெற்றுக் கதிரைகளைத் தாண்டி அது வரவில்லை. நான் எழுந்துபோய் வாங்கி மகனிடம் பிடித்தேன். அவள் அவனுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள். தாதி பார்க்கிற பார்வை, எங்கே வீக்கம், எங்கே தையல் என்று.

"அண்ணை, நீ எனக்காக அடிச்சனியோ?"

"வேற ஆருக்கு?"

"நான் கேட்டனானோ? உன்ர மானத்துக்கு அடிச்சுப்போட்டு என்ர தலையில வைக்காத. பேசாமல் இரு." பிறகு குரலைக் குறைத்து, "உங்களைக் கேக்கிறன். அந்தக் கடிதம் எழுதியாச்சோ?"

"இல்லை," என்றான் மகன். உதடு வீங்கி, சொல் கோணலாக வந்தது.

"எழுதுவியளோ?"

மச்சான் அடித்தடித்துக் கேட்ட அதே கேள்விதான். மகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவன் ஆம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அவனுடைய விசா முடிய ஏழு மாதம்கூட இல்லை. இங்கே வழி இல்லை, அங்கே இருந்த ஒரே வழியின் வாசலில் இந்தப் பெண்ணின் பெயர் கிடக்கிறது. நான் அவனிடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"எழுதமாட்டன்," என்றான்.

"அப்ப விண்ணப்பத்தைத் திருப்பி எடுங்கோ. நாளைக்கே."

"எடுத்தா எல்லாம் போச்சு. திரும்பப் பத்துக் குறையும். எந்த மாநிலமும் கூப்பிடாது."

"எனக்கு எத்தினை புள்ளி எண்டு ஆராவது கேட்டியளோ?" அவள் குரல் உயர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "தொழில் தெரிஞ்ச மனுசி எண்டா அதுக்கும் பத்துத்தான். நான் வாசிச்சனான். தனி ஆளுக்கும் பத்து, படிச்ச மனுசி உள்ள ஆளுக்கும் பத்து. நான் இங்கிலாந்துக்குப் போவம் எண்டு போன வருசமே இங்கிலீஷ் சோதனை எழுதினனான். என்ர தாதித் தகுதியைப் பார்க்கச் சொல்லி ஆஸ்திரேலியாவுக்குப் பத்திரமும் அனுப்பியிருக்கிறன். உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும் எண்டு சொல்லேல்லை. நீங்கள் எல்லாரும் என்னைக் கழிச்சுக் கழிச்சுக் கணக்குப் பார்த்திருக்கிறியள். ஒருத்தருக்கும் என்னைக் கூட்டிப் பார்க்கத் தெரியேல்லை."

கணக்குப் பிரிவுக்காரனான நான் தரையைப் பார்த்தேன்.

"அங்க உள்நாட்டு ஊர்களில குளிரூட்டிக்கு ஆளில்லாட்டி, தாதிக்கு ஆள் இருக்கோ? விண்ணப்பம் என்ர பேரில போகட்டும். நீங்கள் பின்னால வாங்கோ. மாமா, இவையளை வீட்டை கொண்டுபோங்கோ. வெவ்வேற காரில."

புதன்கிழமை ஆலோசகரின் அலுவலகத்தில், புதிதாகப் போட்ட கண்ணாடித் தகட்டின்மேல் கை படாமல் இருந்துகொண்டு, மகன் விண்ணப்பத்தை மீளப் பெற்றான். கட்டின பணம் போனது. பரிந்துரை போனது. திரையில் ஒரு சிறிய வரி வந்தது, அவ்வளவுதான். ஆலோசகர் அந்தப் பெண்ணின் விபரங்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவளுடைய தகுதி மதிப்பீடு வர இன்னும் சில கிழமை ஆகும், அதன் பிறகு எந்த மாநிலத்தில் கேட்பது என்று பார்க்கலாம் என்றார். "நர்ஸுன்னா நல்ல சான்ஸ் சார். ஆனா உறுதி நான் தரமாட்டேன். விதி நாளைக்கே மாறும்." மகனின் விசா முடியுமுன் வருமா என்று கேட்டேன். அவர் அடுத்த பத்திரத்தை எடுத்து வைத்தார்.

எழும்பும்போது மகன் கேட்டான்: "இப்ப என்ர பேரில எந்த விண்ணப்பமும் இல்லைத்தானே?"

"ஆமா, இப்ப ஒண்ணும் இல்ல. ஏன்?"

"சும்மா."

காரை அவன்தான் ஓட்டினான். வீட்டுப் பக்கம் திரும்பாமல் மனுகாவுக்கு விட்டான். எங்கே போகிறாய் என்று இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை. மழை பக்கவாட்டில் அடித்தது, வைப்பர் ஒவ்வொரு வீச்சிலும் கிறீச்சிட்டது. மச்சானின் வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினான். நான் இறங்கவில்லை.

மச்சான்தான் கதவைத் திறந்தான், கை மாவுக்கட்டில். மகன் முழுக் கையையும் வீசி அவன் கன்னத்தில் அறைந்தான். மழையிலும் எனக்குக் கேட்டது. மச்சான் கதவு நிலையில் மோதி, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயோரம் இரத்தம். அதை நாக்கால் தொட்டுப் பார்த்தான்.

"முடிஞ்சுதோ?" என்றான்.

"முடிஞ்சுது."

"ஒண்டுதானோ?"

"எனக்குத் தேவையானது ஒண்டுதான். விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்திட்டன்."

"கேள்விப்பட்டன். தங்கச்சி போன் எடுத்தவள்." அவன் தாடையை அசைத்துப் பார்த்தான். "இனி ஆற்ற பேர் முதல்ல?"

"அவளின்ர."

மச்சான் சிரித்தான். சிரிக்க நொந்திருக்க வேண்டும், கன்னத்தைப் பொத்தினான். "அப்ப இனி அவளட்டை அடி வாங்கப் பழகு. என்னட்டை வாங்கினது ஒண்டுமில்லை." பிறகு கதவை அகலத் திறந்தான். மகன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

சிறிது நேரத்தில் மச்சான் மட்டும் வாசலுக்கு வந்து, மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு காரைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மாமா, வாருங்கோவன். மனுசி தேத்தண்ணி ஊத்துறா."

நான் கண்ணாடியை இறக்கவில்லை. அவன் கையை நான் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, அவன் மறுபடி கூப்பிடவில்லை. என் மகனின் பல் அந்த வீட்டு வாசலில் முளைக்கப்போவதில்லை. அவள் பேரில் போகப்போகும் விண்ணப்பம் இவனுடைய விசா முடியுமுன் தேறுமோ, தேறாதோ. தேறினால் இருவரும் ஏதோ ஒரு தூரத்து ஊரில் குளிர் அறைக்கும் வார்டுக்குமாக வாழ்வார்கள். தேறாவிட்டால் அவன் யாழ்ப்பாணத்துக்குப் போய் மாமன் வீட்டில் இருப்பான். எதுவானாலும் இந்த மனிதன் எங்களுக்குச் சொந்தக்காரன்தான்.

கார்க் கதவுகளின் பூட்டை அழுத்திவிட்டு, மகன் வரும்வரை உள்ளேயே இருந்தேன்.